பெயின்ட்டைக் காய வைக்கும் உலோகம்: ஈயம், கோபால்ட், வெள்ளீயத்துக்கு மாற்று வந்துவிட்டதா?

தை பிறக்கப் போகிறது என்றால் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் எனாமல் பெயின்ட்டுக்குத் தனி கிராக்கி வந்துவிடும். வீட்டு கேட், ஜன்னல் கம்பி, டிராக்டர் டிரெய்லர், மாட்டு வண்டிச் சக்கரம், கடைசியில் மாட்டுக் கொம்பு வரைக்கும் அதே டின்தான். காலையில் அடித்தால் சாயங்காலம் தொட்டுப் பார்க்கலாம், கையில் ஒட்டாது. அது எப்படி அவ்வளவு சீக்கிரம் காய்கிறது? டின்னுக்குள் மிகக் குறைந்த அளவில் ஓர் உலோகம் கலந்திருக்கிறது. அது என்ன உலோகம் என்பதுதான் இப்போது உலகம் முழுக்க பெயின்ட், பிளாஸ்டிக் தொழிலில் ஓடும் பெரிய கேள்வி.

எனாமல் எப்படிக் காய்கிறது?

சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் வேறு, கேட்டுக்கு அடிக்கும் எனாமல் வேறு. எமல்ஷனில் இருப்பது தண்ணீர். அது ஆவியானதும் மிச்சம் இருப்பது ஒன்றோடொன்று ஒட்டி படலமாகிவிடும். எனாமல் அப்படி இல்லை. அதில் இருப்பது சோயா, ஆளி விதை போன்ற எண்ணெய்களைச் சேர்த்துத் தயாரித்த 'ஆல்கிட்' என்ற பிசின். தின்னர் ஆவியான பிறகும் அது பிசுபிசு என்றுதான் இருக்கும். காற்றில் உள்ள ஆக்சிஜனை அந்தப் பிசின் உள்ளிழுத்து, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால்தான் கெட்டியாகும். சும்மா விட்டால் இதற்கு நாள் கணக்கில் ஆகும்.

இந்த வேலையைச் சில மணி நேரத்தில் முடிக்க வைப்பதுதான் உலோக வினையூக்கி. பெயின்ட் தொழிலில் இதை 'டிரையர்' என்பார்கள். பல காலமாக இந்த வேலையைச் செய்து வந்தவை ஈயமும் கோபால்ட்டும். கோபால்ட் மேற்பரப்பைக் காய வைக்கும். ஈயம் உள்ளே ஆழம் வரை காய வைக்கும். கோபால்ட் மட்டும் இருந்தால் மேலே தோல் போலக் காய்ந்து, உள்ளே ஈரமாகவே இருக்கும். பெயின்ட் சுருங்கிச் சுருக்கம் விழும். அதனால்தான் இரண்டும் ஜோடியாக இருந்தன.

அளவு ரொம்பக் குறைவு. பிசின் எடையில் 0.05 சதவீத கோபால்ட் என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் டின்னில் கால் கிராம்கூட வராது. இவ்வளவு கம்மியாக இருப்பதற்கு ஏன் இத்தனை பேச்சு?

வினையூக்கி எங்கே போகிறது?

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த வரையறை இதுதான்: வினையூக்கி வேதிவினையை வேகப்படுத்தும், ஆனால் அதில் தீர்ந்து போகாது. பரீட்சைக்கு எழுதும்போது நல்ல விஷயமாகத் தெரியும். கொஞ்சம் யோசித்தால் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. தீர்ந்து போகவில்லை என்றால் அது எங்கேயோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். பெயின்ட், பி.யு. கோட்டிங், பாட்டில் பிளாஸ்டிக் ஆகியவற்றில் வினையூக்கியைப் பிரித்து எடுப்பதில்லை. பொருளோடு பொருளாக அது வீட்டுக்கு வந்துவிடுகிறது. உலோகத்துக்கு மக்கும் குணமும் கிடையாது.

இதற்கு மிகக் கொடூரமான உதாரணம் ஜப்பானின் மினமாட்டா. அங்கே சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிஹைடு தயாரித்தது. பிளாஸ்டிக்கை வளையும்படி ஆக்கும் பொருட்களுக்கு அது மூலப்பொருள். அந்த வினைக்குப் பாதரச சல்பேட்டை வினையூக்கியாகப் பயன்படுத்தினார்கள். அதில் ஒரு பகுதி மெத்தில் பாதரசமாக மாறி, கழிவு நீரோடு கடலில் கலந்து, மீனில் சேர்ந்தது. முதலில் ஊர்ப் பூனைகள் தள்ளாடி விழுந்தன. பிறகு மனிதர்கள். 1956 மே மாதம் நோய் அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்பட்ட பிறகும் ஆலை 12 ஆண்டுகள் அதே முறையில் ஓடியது.

அமெரிக்காவில் 1960-களிலிருந்து பல பள்ளி ஜிம்களில் ரப்பர் போன்ற பாலியூரித்தேன் தரைகள் போட்டார்கள். அதைக் கெட்டியாக்கச் சேர்த்தது பாதரசச் சேர்மம். பல பத்தாண்டுகள் கழித்துச் சோதித்தபோதும் அந்தத் தரைகளிலிருந்து பாதரச ஆவி வெளியாகிக்கொண்டிருந்தது. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கை 2017-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-ல் ஏற்றது. பாலியூரித்தேன் தயாரிப்பில் பாதரச வினையூக்கியை 10 ஆண்டுகளுக்குள் கைவிடுவதும் அதன் இலக்குகளில் ஒன்று.

வினையூக்கி இல்லை என்றாலும், உலோகம் எப்படித் தங்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டில் இருந்த குரோமேட் ஆலை மூடப்பட்டு கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 2 லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு அங்கே விட்டுச் செல்லப்பட்டது. சுற்று வட்டார நிலத்தடி நீர் கெட்டுப்போனது அந்தப் பகுதி மக்களுக்குத் தெரிந்த கதை.

ஈயம்: சட்டம் இருக்கிறது, ஆனால்…

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும், பாதிப்பு திரும்பாது. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைக்குரிய அளவு ஈயம் இருப்பதாக 2020-ல் யுனிசெஃப், பியூர் எர்த் அமைப்புகளின் அறிக்கை சொன்னது. பழைய பேட்டரி உருக்குவது பெரிய காரணம். பெயின்ட்டும் பட்டியலில் உண்டு.

இந்தியாவில் 2016 நவம்பர் 1-ம் தேதி மத்திய அரசு விதிகளை அறிவித்தது. வீட்டு, அலங்கார பெயின்ட்டுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது ஒரு கிலோ பெயின்ட்டில் 90 மில்லிகிராம். ஓராண்டு அவகாசத்துக்குப் பின் 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. டிரையராகப் போன ஈயமும், மஞ்சள், ஆரஞ்சு நிறங்களுக்காகச் சேர்த்த ஈய குரோமேட்டும் இதில் அடிபட்டன. டிரையர் வேலைக்கு ஈயத்தின் இடத்தில் சிர்கோனியம் வந்து உட்கார்ந்தது. தொழிலுக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை. உலோக மாற்றத்தில் ஓரளவு சுலபமாக முடிந்த வேலை இதுதான்.

ஆனால் இரண்டு ஓட்டைகள். விதியின் பெயரே சொல்வதுபோல இது வீட்டு, அலங்கார பெயின்ட்டுக்குத்தான். இயந்திரங்கள், தொழிற்சாலைகளுக்கான பெயின்ட் இந்த விதிக்குள் வராது. கடையில் கேட்டால் இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும். இரண்டாவது, சின்ன பிராண்டுகள். டெல்லியைச் சேர்ந்த டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு விதி வந்த பிறகும் கடைகளில் டின்களை வாங்கிச் சோதித்து, வரம்பைத் தாண்டிய ஈயத்தைக் கண்டுபிடித்திருக்கிறது.

மாட்டுக் கொம்புக்கு வருவோம். மாடு தன்னையும் நக்கும், பக்கத்து மாட்டையும் நக்கும், கொம்பைத் தொட்டியில் உரசும். பெயின்ட்டை நக்கி மாடுகளுக்கு ஈய நஞ்சேறுவது கால்நடை மருத்துவத்தில் பழைய, நன்றாகத் தெரிந்த விஷயம். கண் தெரியாமல் போவது, வலிப்பு, சாவு வரை கொண்டுபோகும். மஞ்சள், சிவப்பு எனாமல்தான் கொம்புக்கு அதிகம் அடிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காவியும் மஞ்சளும் பூசிய காலத்தில் இந்தக் கவலை இல்லை.

கோபால்ட்டுக்குப் பதில் சலவைத் தூள்!

ஈயம் போனது. கோபால்ட் இன்னும் பெரும்பாலான எனாமல் டின்களில் இருக்கிறது. 2022-ல் கூடிய சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் நிபுணர் குழு, கோபால்ட் உலோகத்தையும் கரையும் கோபால்ட் உப்புகளையும் 'மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' என்ற 2ஏ பிரிவில் வைத்தது. பதற வேண்டாம்: காய்ந்த கேட்டைத் தொட்டால் புற்றுநோய் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. டிரையர் தயாரிக்கும் ஆலையில், அதைக் கலக்கும் இடத்தில் தினமும் வேலை செய்பவருக்குத்தான் முதல் ஆபத்து. போதாததற்கு மின்வாகன பேட்டரிக்கும் கோபால்ட் வேண்டும். உலகத் தேவையில் பெரும் பங்கு காங்கோவிலிருந்து வருகிறது. அங்கே சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வது பல முறை அம்பலமாகியிருக்கிறது.

மாற்றாக வந்திருப்பவை மாங்கனீசும் இரும்பும். இவை வந்த வழி சுவாரஸ்யமானது.

1994-ல் யூனிலீவர் நிறுவனம் ஐரோப்பாவில் 'பெர்சில் பவர்' என்ற சலவைத் தூளை இறக்கியது. கறையை வேகமாக வெளுக்க அதில் ஒரு மாங்கனீசு வினையூக்கி. வேலை அமோகமாகச் செய்தது, கொஞ்சம் அதிகமாகவே. துணி நைந்து கிழிகிறது என்று போட்டி நிறுவனமான பிராக்டர் அண்ட் கேம்பிள் கிழிந்த துணிகளின் படங்களைக் காட்டிப் பிரசாரம் செய்ய, யூனிலீவர் பின்வாங்க வேண்டியதாயிற்று. ஆனால் அந்த வேதியியல் வீணாகவில்லை. கறையை ஆக்சிஜன் சேர்த்து வெளுப்பதும், பெயின்ட் ஆக்சிஜன் சேர்த்துக் காய்வதும் அடிப்படையில் ஒரே குடும்ப வேலை. அந்த மாங்கனீசுச் சேர்மம் பின்னாளில் பெயின்ட் டிரையராக மறுபிறவி எடுத்தது. இப்போது சந்தையில் இருக்கும் இரும்பு டிரையரின் வேரும் சலவைத் தூள் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

சாதாரண இரும்பு உப்பைப் போட்டால் இந்த வேலை நடக்காது. இரும்பு அணுவை ஒரு கரிமக் கூண்டுக்குள் பிடித்து வைக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது கோபால்ட் தேவைப்படும் அளவில் ஒரு சிறு பங்கே போதும். ஓர் உலோகத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது மட்டுமல்ல, உலோகத்தின் அளவையே குறைப்பது என்பதால் இந்த மாற்று உண்மையிலேயே கவனிக்கத்தக்கது.

அப்புறம் ஏன் எல்லோரும் மாறவில்லை? ஒன்று விலை. இரண்டு நிறம். கோபால்ட்டுக்கு லேசான நீல ஊதாச் சாயல் உண்டு. வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவது மாதிரி, எண்ணெய்ப் பிசினின் மஞ்சளை அது மறைத்து, வெள்ளை பெயின்ட்டைப் பளிச்சென்று காட்டும். பழைய வகை மாங்கனீசு டிரையரோ பழுப்பு அடிக்கும். 'ஸ்னோ ஒயிட்' கேட்டு வாங்கும் வாடிக்கையாளரிடம் சுற்றுச்சூழல் பேச முடியாது.

ஈயச் சொம்பு ரசமும் 'பி.யு.' கோட்டிங்கும்

அடுத்தது வெள்ளீயம். இதில் பெயர்க் குழப்பம் இருக்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது, இவற்றில் இருக்க வேண்டியது வெள்ளீயம். நஞ்சான காரீயம் அல்ல. உலோகமாக இருக்கும் வெள்ளீயம் பெரிய தொந்தரவு இல்லாதது. பாட்டி காலத்திலிருந்து அதில் ரசம் கொதித்திருக்கிறது.

அதே வெள்ளீய அணுவை நேரடியாகக் கார்பன் சங்கிலிகளோடு பிணைத்தால் கதை மாறிவிடும். 'ஆர்கனோடின்' என்ற அந்தக் குடும்பத்தில் டிரைபியூட்டைல்டின் என்பது கப்பல் அடிப்பாகத்தில் பாசி, சிப்பி ஒட்டாமலிருக்கப் பூசிய பெயின்ட்டில் இருந்தது. பிரான்சின் ஆர்காஷோன் விரிகுடாவில் 1970-களின் இறுதியில் சிப்பிப் பண்ணைகள் சீரழிந்தன. காரணம் படகு பெயின்ட் என்று தெரிந்ததும் 1982-ல் சிறு படகுகளில் அதற்குத் தடை வந்தது. இந்த பெயின்ட்டால் பெண் கடல் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்தது பல நாட்டுக் கடற்கரைகளில் பதிவானது. 2001-ல் உலக அளவில் உடன்படிக்கை, 2008 செப்டம்பரில் அமல்.

அதன் சொந்தக்காரர்தான் டைபியூட்டைல்டின் டைலாரேட். மரக் கதவுக்கு அடிக்கும் பி.யு. பாலிஷ், கார் பெயின்ட், ஷூ அடிப்பாகம், தோலுக்கு மேல் பூசும் படலம் என்று பாலியூரித்தேன் எங்கே வேகமாகக் கெட்டியாக வேண்டுமோ அங்கெல்லாம் பல பத்தாண்டுகளாக இதுதான் நம்பர் ஒன் வினையூக்கி. விலை மலிவு, துளி போதும், எந்த வானிலையிலும் ஓடும். ஆனால் இனப்பெருக்கத்தையும் வயிற்றிலுள்ள சிசுவையும் பாதிக்கும் பொருள் என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்திவிட்டது. பொதுமக்களுக்கு விற்கும் பொருளில் டைபியூட்டைல்டின் சேர்மங்களால் வரும் வெள்ளீயம் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2012 ஜனவரி 1 முதல் இருக்கிறது. பூச்சுகளில் வினையூக்கியாகப் பயன்படுத்துவோருக்கு 2015 வரை அவகாசம் தந்தார்கள். இதே குடும்பத்தின் டைஆக்டைல்டினுக்கும் தோலில் படும் காலணிப் பாகங்களில் அதே வரம்பு.

இது பிரசல்ஸ் சமாசாரம் என்று தள்ளிவிட முடியாது. திருவண்ணாமலை மாவட்டத்திலேயே செய்யாறு சிப்காட்டில் ஏற்றுமதிக் காலணிகள் தயாராகின்றன. அங்கே வேலை செய்வோரில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிலும் பக்கத்தில்தான். ஐரோப்பாவுக்குப் போகும் ஷூ அங்கே சோதனையில் தேற வேண்டும். வெளிநாட்டுக் காலுக்கு என்று எழுதப்பட்ட வரம்பு, அந்த ஷூவைச் செய்யும் கைக்கும் ஓரளவு காப்பாக வருகிறது. உள்நாட்டுச் சந்தைக்கு மட்டும் தயாரிக்கும் சிறு பட்டறைகளுக்கு அந்த நெருக்கடி கிடையாது என்பதுதான் இடிக்கிறது.

ஒரு கொசுறு: மெத்தை ஃபோம் தயாரிப்பிலும், 'மக்கும் பிளாஸ்டிக்' என்று விற்கப்படும் பிஎல்ஏ தயாரிப்பிலும் பயன்படுவது ஸ்டானஸ் ஆக்டோயேட். அதிலும் வெள்ளீயம் உண்டு, ஆனால் கார்பனோடு நேரடிப் பிணைப்பு இல்லை. நச்சுத்தன்மை வெகு குறைவு. 'டின் இருக்கிறதா' என்பதைவிட 'எந்த வடிவத்தில் டின்' என்று கேட்பதே சரி.

பிஸ்மத்: ஈயத்தின் பக்கத்து வீட்டுக்காரர்

தனிம அட்டவணையில் ஈயம் 82. அடுத்த கட்டம் 83, பிஸ்மத். பக்கத்து வீட்டுக்காரர் என்றாலும் குணத்தில் நேர் எதிர். வயிற்றுப்புண் மருந்திலேயே பிஸ்மத் சேர்மங்கள் கொடுக்கிறார்கள். பாலியூரித்தேன் பூச்சுகளில் ஆர்கனோடின்னுக்குப் பதிலாக இப்போது அதிகம் பேசப்படுவது பிஸ்மத் உப்புகள்தான். தனியாகவோ, துத்தநாகத்தோடு ஜோடி சேர்த்தோ போடுகிறார்கள். பிஸ்மத் ஆரம்ப வேகம் கொடுக்கும். துத்தநாகம் கடைசிவரை இழுத்துச் செல்லும். ஈயம்-கோபால்ட் ஜோடி மாதிரியே.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். டின்னை விட அதிக அளவு போட வேண்டும். ஈரம் பட்டால் பிஸ்மத் உப்பு சிதைந்து வேலை செய்யாமல் போகலாம். தண்ணீர் கலந்த பூச்சுகளில் இது பெரிய தலைவலி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகையில் ஓடும் ஒரு பட்டறைக்கு, பழைய டின் வினையூக்கியை விட்டுவிட மனம் வராததற்குக் காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான்.

இன்னொரு சிக்கல் சீனா. உலக பிஸ்மத் உற்பத்தியில் பெரும் பகுதி அங்கேதான். 2025 பிப்ரவரியில் டங்ஸ்டன், இண்டியம் உள்ளிட்ட உலோகங்களோடு பிஸ்மத் ஏற்றுமதிக்கும் சீனா கட்டுப்பாடு விதித்தது. சில வாரங்களில் மேற்கத்தியச் சந்தைகளில் விலை பல மடங்கு எகிறியது. நச்சு குறைந்த உலோகம் கிடைத்துவிட்டது. கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று என்றால் தொழில் நடத்துபவர் யோசிக்கத்தான் செய்வார்.

கிரிவலப் பாதையில் வாங்கும் தண்ணீர் பாட்டிலில்?

பெட் பாட்டில் தயாரிப்பில் பெரும்பாலும் ஆன்டிமனி ட்ரை ஆக்சைடுதான் வினையூக்கி. பாட்டில் பிளாஸ்டிக்கிலேயே கிலோவுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை ஆன்டிமனி தங்கியிருக்கும். கோபால்ட்டை 2ஏ பிரிவில் வைத்த அதே நிபுணர் குழு, மூவிணைதிற ஆன்டிமனியையும் அதே பிரிவில் வைத்தது.

தண்ணீரில் எவ்வளவு இறங்கும்? 2008-ல் வெளியான அரிசோனா மாகாணப் பல்கலைக்கழக ஆய்வின்படி, 60 டிகிரி வெப்பத்தில் அமெரிக்க வரம்பான 6 பிபிபி-யை எட்ட 176 நாள் ஆகும். 80 டிகிரியில் 2.3 நாளே போதும். ஆக, 14 கிலோமீட்டர் கிரிவலத்தில் வாங்கிக் குடித்து முடிக்கும் பாட்டிலைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. மே மாத வெயிலில் மூடிய வேனில் வாரக் கணக்கில் கிடக்கும் பெட்டியைத் தவிர்க்கலாம். ஆன்டிமனிக்கு மாற்றாக டைட்டானியம் வினையூக்கிகள் சந்தைக்கு வந்துவிட்டன. மிகக் குறைந்த அளவே போதும். பாட்டில் லேசாக மஞ்சள் தட்டும் என்பதே தடை. பெயின்ட்டில் பார்த்த அதே வெள்ளைப் பைத்தியம்தான் இங்கேயும்.

டின் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

வீட்டு பெயின்ட் டின்னில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இல்லை என்ற வாசகம், தயாரிப்பாளர் பெயர், தயாரித்த தேதி ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது 2016 விதி. அந்த வாசகம் இல்லாத டின்னை வீட்டுக்கோ, குழந்தைகள் தொடும் ஊஞ்சல், பெஞ்சு, அங்கன்வாடிக் கதவுக்கோ, மாட்டுக் கொம்புக்கோ வாங்காமல் இருப்பது நல்லது. 'இண்டஸ்ட்ரியல்' என்று போட்டிருந்தால் அது இந்த விதிக்கு வெளியே என்று எடுத்துக்கொள்ளலாம்.

கோபால்ட்டா, மாங்கனீசா, இரும்பா என்பது டின் மீது பெரும்பாலும் இருக்காது. 'பசுமை', 'ஈகோ' என்ற பச்சை இலை முத்திரை மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. பல நேரம் அது வாசனை, தின்னர் அளவைப் பற்றியது. மொத்தமாக வாங்கும் பெயின்டிங் கான்ட்ராக்டர்கள், பள்ளிகள், ஊராட்சிகள் நிறுவனத்திடம் 'பாதுகாப்புத் தரவுத் தாள்' கேட்டு வாங்கலாம். பெரிய நிறுவனங்களின் இணையதளத்திலேயே கிடைக்கும். வரம்புக்கு மேல் உள்ள அபாயப் பொருட்களின் பெயர் அதில் இருக்கும். கேட்டுக்கும் ஜன்னலுக்கும் தண்ணீர் கலந்து அடிக்கும் எனாமல்களும் வருகின்றன. அவற்றில் எமல்ஷனைப் போலவே படலமாகும் அக்ரிலிக் வகைகளுக்கு உலோக டிரையர் தேவையில்லை.

புது டின்னைவிடப் பழைய கதவுதான் பல வீடுகளில் அவசரப் பிரச்சினை. 2017-க்கு முன் அடித்த பெயின்ட்டில் எவ்வளவு ஈயம் என்று யாருக்கும் தெரியாது. எமரி பேப்பரை வைத்து உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் முதலில் பெயின்டரின் நுரையீரலுக்கும், அப்புறம் தரையில் தவழும் குழந்தையின் கைக்கும் போகும். தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது, மாஸ்க் போடுவது, சுரண்டிய தூளைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்து எடுப்பது, வேலை முடியும்வரை கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வேறு அறையில் வைத்துக்கொள்வது: செலவு இல்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியவை இவைதான்.